ஆல் வீல் டிரைவ் வண்டிக்குப் பனி டயர் தேவையா?

நவம்பர் 18, கேள்வி

என் வண்டி ஆல் வீல் டிரைவ். நாலு சக்கரமும் இழுக்கும். பிரேக் வைக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் ஏபிஎஸ் இருக்கிறது, வண்டி கோணிப் போகாமல் பார்க்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இருக்கிறது. வண்டியோடு வந்தது எல்லாப் பருவத்துக்குமான ஆல் சீசன் டயர், அதில் தரையில் பதியும் ரப்பர் பட்டன் இன்னும் பாதி அப்படியே இருக்கிறது. இத்தனையும் இருக்கும்போது பனிக்கென்று தனியாக நாலு டயர் வாங்கச் சொல்வது வியாபாரம்தானே? பனியில் ஓட்டத் தெரிந்தவனுக்கு எந்த டயரும் ஒன்றுதான் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

நவம்பர் 18, இரவு

மறுக்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால் காரணம் நன்றாகவே தெரியும்.

அதே மாதிரி வண்டி, அதே மாதிரி பாதி தேய்ந்த ஆல் சீசன். முதல் பனி விழுந்த காலை. வீட்டுக்குப் பக்கத்து மேட்டில் வண்டி ஒரு சறுக்கல்கூட இல்லாமல் ஏறியது. ஓரமாக ஒரு சின்ன கார் சக்கரம் சுழல, ஏற முடியாமல் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் கூடிவிட்டது. மேட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கம், இறக்கத்தின் அடியில் சிக்னல், சிவப்பு. வழக்கமாக பிரேக் வைக்கும் இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே வைத்தேன். காலுக்கடியில் ஏபிஎஸ் தடதடவென்று அதிர்ந்தது. வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. நாற்சந்தியின் நடுவில் போய்த்தான் நின்றது. பின் சீட்டில் மகள், அப்போது அவளுக்கு நாலு வயது. குறுக்கே வண்டி எதுவும் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அன்றைக்கு ஆல் வீல் டிரைவ் எனக்குச் செய்த கெடுதல் ஒன்று உண்டு. சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதை என்னிடமிருந்து மறைத்துவிட்டது. அந்தச் சின்ன கார்க்காரருக்கு மேட்டிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு இறக்கத்தில்தான் தெரிந்தது. கிளம்புவதற்கு எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பது முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். நிற்பதற்கு எல்லா வண்டியிலும் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது, அதில் உங்கள் வண்டிக்குக் கூடுதலாக எதுவும் இல்லை. திரும்புவதற்கும் அப்படித்தான்.

நவம்பர் 19, காலை

காரணம் கேட்டீர்கள், கணக்காகவே சொல்கிறேன். பள்ளியில் படித்த உராய்வுக் கெழு நினைவிருக்கும், டயர் சாலையை எவ்வளவு பிடிக்கிறது என்பதன் அளவு. காய்ந்த தார்ச் சாலையில் டயருக்கு அது 0.8 அளவில் இருக்கும். அழுந்திக் கெட்டிப்பட்ட பனியில் 0.2, 0.3. ஐஸ் என்றால் 0.1, சில நேரம் அதற்கும் கீழே. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, பிரேக் பிடித்த பிறகு காய்ந்த சாலையில் 12 மீட்டர் சொச்சத்தில் நிற்கும். 0.3 இருந்தால் 33 மீட்டர். 0.2 இருந்தால் 49 மீட்டர். 0.1 என்றால் 98 மீட்டர். இந்தக் கணக்கில் வண்டியின் எடை வரவே வராது. பெரிய வண்டி என்பதால் சீக்கிரம் நிற்கும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

0.2க்கும் 0.3க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஒரே பனிச் சாலையில் ஒரு வண்டியின் டயர் 0.3 பிடி தருகிறது, பக்கத்து வண்டியின் டயர் 0.2 தருகிறது என்று வையுங்கள். இரண்டும் 50இல் வந்து ஒரே நேரத்தில் பிரேக் வைக்கின்றன. முதல் வண்டி முழுதாக நின்றுவிட்ட அந்த இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 29 கி.மீ. நான் இதை முதல் தடவை போட்டுப் பார்த்தபோது கணக்கில் தப்பு என்று நினைத்து மறுபடி போட்டேன். தப்பில்லை. 29 கி.மீ. வேகத்தில் சாலையைக் கடக்கும் ஒருவர் மேல் மோதினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

நவம்பர் 19, இரவு

காலையில் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். அந்த மீட்டர் எல்லாம் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம். ஆபத்தைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆகிறது என்றால் 50இல் அந்த ஒரு வினாடிக்குள் 14 மீட்டர் போய்விடும். அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நான் சொன்னது சமதளக் கணக்கு. என் கதையே இறக்கத்தில்தானே நடந்தது! 100 மீட்டருக்கு 10 மீட்டர் இறங்கும் சரிவில், 0.2 பிடியில் பாதியைச் சரிவே தின்றுவிடும். 49 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 98 மீட்டர் ஓடும். அதே சரிவில் ஐஸ் படிந்து 0.1தான் பிடி என்றால் மிச்சம் பூஜ்யம். பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் அந்த வண்டி நிற்காது. சரிவு முடியும் வரை போய்க்கொண்டே இருக்கும்.

நவம்பர் 21

டயரில் அப்படி என்ன வித்தியாசம், எல்லாம் கறுப்பு ரப்பர்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. விரலால் தொட்டே தெரிந்துகொள்ளலாம். உறைகிற குளிரில் இரவெல்லாம் வெளியே கிடந்த கோடை டயரின் பட்டனை நகத்தால் அழுத்திப் பாருங்கள், பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். பக்கத்தில் பனி டயரை அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கும். ரப்பர் சாலையின் மேடு பள்ளத்துக்குள் தன்னை அமுக்கிக்கொள்வதுதான் பிடி. குளிரில் இறுகிப் போன ரப்பருக்கு அது முடியாது. 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் பனி டயர் போடுங்கள் என்று சொல்வது இதனால்தான். பனி டயர் ரப்பரில் கலவையே வேறு, சிலிக்கா கூட இருக்கும், கடும் குளிரிலும் இளக்கம் போகாது.

அடுத்தது கீறல்கள். பனி டயரின் ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறி விட்டது போல மெல்லிய கோடுகள் நெளிந்து நெளிந்து போகும். பிரேக் வைக்கும்போது பட்டன் சாய, அந்தக் கீறல்கள் கொஞ்சம் திறந்து, ஒவ்வொன்றும் ஒரு விளிம்பாகப் பனியைக் கவ்வும்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் மூன்றாவது. பனிக்குப் பனிதான் சரியான பிடி. கையில் பனியை உருண்டை பிடித்தால் ஒட்டிக்கொள்கிறதே, அதேதான். பனி டயரின் பள்ளங்களில் பனி போய் இறுகி நிற்கும். அந்தப் பனி சாலையில் இருக்கும் பனியைப் பற்றிக்கொள்ளும். டயரைப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாக அப்பியிருக்கிறதே, பிடி போயிருக்குமோ என்று முதல் குளிர்காலத்தில் இறங்கி இறங்கித் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். அப்படித்தான் இருக்க வேண்டுமாம்! சேற்று டயருக்கு இது நேர் எதிர். அது சேற்றை வெளியே வீசுவதற்காகச் செய்தது. பட்டன் பெரிதாக, முரட்டுத்தனமாக இருக்கும், கீறல் குறைவு. பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது என்று அதைப் பனிக்குப் போட்டால் அழுந்திய பனியிலும் ஐஸிலும் ஏமாற்றிவிடும்.

நவம்பர் 22

7 டிகிரி பற்றி நேற்று எழுதியதைக் கொஞ்சம் திருத்துகிறேன். அது சுவிட்ச் இல்லை. 8இல் நன்றாக இருந்த டயர் 6இல் கெட்டுவிடாது. காய்ந்த சாலையில் 4, 5 டிகிரியில்கூட நல்ல கோடை டயர் பனி டயரைவிடச் சீக்கிரம் நிற்கலாம். காலையில் கிளம்பும்போது 7க்குக் கீழே என்பது வழக்கமாகிவிட்டால் மாற்றிவிடு என்கிற அளவுக்கான ஒரு அடையாளம் அது. பனி விழுந்த பிறகு இந்த எண்ணைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே இல்லை.

நவம்பர் 27

முதல் நல்ல பனி. ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத பெரிய பார்க்கிங் மைதானம், அனுமதி கேட்டுக்கொண்டு போனேன். இதை ஒவ்வொரு வருடமும் செய்கிறேன். மணிக்கு 30இல் போய்ப் பிரேக்கை முழுதாக அழுத்துவது, நின்ற இடத்தில் இறங்கி அடி வைத்து எண்ணுவது. பழைய ஆல் சீசன் நாலும் இன்னும் வீட்டில் கிடக்கின்றன. இரண்டு வாரத்துக்கு முன்னால், டயர் மாற்றுவதற்கு முந்தைய நாள் விழுந்த லேசான பனியில் அதே இடத்தில் அவற்றோடும் செய்து வைத்திருந்தேன். அன்றைக்கு எண்ணியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தவுடனேயே இன்று நின்றுவிட்டது.

நின்ற தூரத்தைவிட ஸ்டியரிங்கில் தெரிந்த வித்தியாசம்தான் பெரிது. ஆல் சீசனில் திருப்பினால் முன்சக்கரம் திரும்புகிறது, வண்டி நேரே போகிறது, இன்னும் திருப்பத் தோன்றுகிறது, திருப்பத் திருப்பச் சக்கரம் குறுக்கே நின்று பனியைத் தள்ளிக்கொண்டே போகிறது. பனி டயரில் வண்டி சொன்ன பேச்சு கேட்கிறது. கேட்காமல் போகும் இடமும் முன்கூட்டியே தெரிகிறது. ஸ்டியரிங் கொஞ்சம் லேசாகும், டயர் சரசரக்கும், அப்போதே காலை எடுத்துவிட்டால் திரும்பப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சின்ன எச்சரிக்கைக்காகவே நான் இந்த டயரைப் போடுவேன்.

நவம்பர் 28

நேற்றைய ஒப்பீடு நியாயம் இல்லை என்று இரவு படுத்த பிறகு தோன்றியது. இரண்டு வாரத்துக்கு முன்னால் வெளியே பூஜ்யத்தை ஒட்டி இருந்தது, பனி ஈரம். நேற்று மைனஸ் 9, காய்ந்த பனி. ஐஸும் பனியும் உருகும் நிலைக்குப் பக்கத்தில் இருக்கும்போதுதான் அதிகமாக வழுக்கும், மேலே ஈரப்படலம் இருக்கும். நல்ல குளிரில் அதே பனி கெட்டியாகிப் பிடி கூடிவிடும். நான் பார்த்த வித்தியாசத்தில் எவ்வளவு டயருடையது, எவ்வளவு குளிருடையது என்று பிரிக்க முடியாது. ஸ்டியரிங் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. அடிக்கணக்கை மட்டும் மறந்துவிடுங்கள்.

டிசம்பர் 4

முன்சக்கர இழுவை வண்டிதான், முன்னால் மட்டும் இரண்டு பனி டயர் போட்டால் செலவு பாதியாகுமே என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். நாலையும் மாற்றாமல் இருப்பதைவிட இது மோசம் என்றுகூடச் சொல்வேன். முன்னால் பிடி நன்றாக இருக்கும், கிளம்பும், திரும்பும், நம்பிக்கை வரும். ஒரு வளைவில் காலை எடுத்ததும் அல்லது பிரேக் தொட்டதும் எடை முன்னால் சாயும், பின்னால் இருக்கும் பழைய டயருக்குப் பிடி போகும், வண்டியின் பின்பக்கம் அலசத் தொடங்கும். லாரி ஓட்டுநர்கள் அலசுது என்று சொல்வது சரியான வார்த்தை. அலசத் தொடங்கிய பின்பக்கத்தைப் பனியில் திரும்பப் பிடிப்பது லேசில்லை. பக்கவாட்டில் போய் மோதினால் கதவுதான் தாங்க வேண்டும், முன்னால் இருக்கிற அளவு இரும்பு அங்கே கிடையாது.

பின்சக்கர இழுவை வண்டிக்குப் பின்னால் மட்டும் இரண்டு போட்டால், கிளம்பும், திரும்பாது, நிற்காது. நாலும் ஒரே ரகமாக இருக்க வேண்டும். அதில் இரண்டு கொஞ்சம் தேய்ந்திருந்தால் நல்ல இரண்டு பின்னால் போகட்டும்.

டிசம்பர் 9

நேற்று இரவெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டது. காலையில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை பனி. இத்தனை நாள் அழுந்திய பனியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், உண்மையான கனத்த பனியில் கதை கொஞ்சம் வேறு.

முதலில், பனி வண்டியின் அடிவயிற்றைத் தொட்டுவிட்டால் எந்த டயரும் உதவாது. வண்டி பனி மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், சக்கரத்தின் மேல் எடை இருக்காது, எடை இல்லாத சக்கரத்துக்குப் பிடி ஏது. அந்த நேரத்தில் தரை உயரமான வண்டிக்கு உண்மையான நன்மை உண்டு. உங்கள் வண்டிக்கு அது இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

இரண்டாவது, டயரின் அகலம். அகலமான டயர் என்றால் பிடி கூடும் என்று எல்லாரும் நினைப்பார்கள், கோடையில் காய்ந்த சாலையில் பொதுவாகச் சரி. ஆழமான புதுப் பனியில் அகல டயர் தனக்கு முன்னால் அதிகப் பனியைத் தள்ள வேண்டும், மேலே ஏறி மிதக்கவும் பார்க்கும். குறுகலான டயர் கத்தி மாதிரி வெட்டி இறங்கி அடியில் கெட்டியான தளத்தைத் தொட்டுவிடும். நான் 225 மில்லிமீட்டர் அகலத்திலிருந்து 205க்கு இறங்கினேன், ரிம்மும் ஒரு அங்குலம் சின்னது. பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் பனிக்கடியில் மறைந்திருக்கும் குழியில் இறங்கினாலும் ரிம் அடிபடாது. எவ்வளவு வரை இறங்கலாம் என்று வண்டியின் கையேட்டில் இருக்கும், சின்ன ரிம் பிரேக்கில் இடிக்காமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது, எனக்கு ரொம்பப் பயமான விஷயம், பனியும் தண்ணீரும் கலந்த கூழ். நெடுஞ்சாலையில் இரண்டு தடத்துக்கு நடுவே அது வரப்பு மாதிரி குவிந்து கிடக்கும். தடம் மாறும்போது ஒரு பக்கச் சக்கரம் அதில் ஏறியதும் வண்டியை ஒரு வெட்டு வெட்டும். வேகமாகப் போனால் டயர் கூழை வெளியே தள்ள நேரமில்லாமல் அதன் மேலேயே மிதக்கும், ஸ்டியரிங் காற்றில் சுற்றுவது மாதிரி இருக்கும். இதற்கு மருந்து பட்டன் ஆழமும் வேகக் குறைப்பும்தான். புதுப் பனி டயரில் 8, 9 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 4க்குக் கீழே வந்துவிட்டால் அதைப் பனி டயராக நான் எண்ணுவதில்லை. பல நாடுகளில் பொதுவான டயருக்கு 1.6 வரை சட்டம் விடுகிறது, ஆஸ்திரியாவில் குளிர்கால டயர் என்று கணக்கில் எடுக்கவே 4 வேண்டும். உங்கள் பாதி தேய்ந்த ஆல் சீசன் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து சொல்லுங்களேன்.

டிசம்பர் 10

ஏபிஎஸ் பற்றிக் கேட்டவருக்கு. முதல் குறிப்பில் நான் எழுதியதைப் படித்தால் ஏபிஎஸ்தான் என்னைக் கைவிட்டது போல இருக்கிறது, அது சரியில்லை. ஆழமான தளர்ந்த பனியில் சக்கரம் பூட்டிக்கொண்டால் முன்னால் பனி ஆப்பு மாதிரி சேர்ந்து வண்டியை நிறுத்த உதவும், ஏபிஎஸ் சக்கரத்தைப் பூட்ட விடாததால் அங்கே தூரம் கொஞ்சம் கூடலாம். ஆனால் பூட்டிய சக்கரத்தால் திரும்ப முடியாது. அன்றைக்குச் சிக்னலில் வண்டி கோணாமல் நேராகப் போனதே ஏபிஎஸ் செய்த உதவி. இல்லாத பிடியை அது எங்கிருந்து கொண்டுவரும்? ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் அப்படித்தான், டயர் தருகிற பிடியைப் பங்குபோட்டுக் கொடுக்கத்தான் அதனால் முடியும்.

டிசம்பர் 15

டயரின் பக்கச்சுவரில் இருக்கும் அடையாளங்கள். எம் பிளஸ் எஸ் என்று மட்டும் இருந்தால் சேறு, பனி என்று தயாரிப்பாளர் சொல்லிக்கொள்வது, எந்தச் சோதனையும் கட்டாயமில்லை. மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் பனிப்பூ இருந்தால் பனியில் சோதித்துத் தேறிய டயர். வட அமெரிக்காவில் 1999இல் வந்தது இந்த அடையாளம். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் எம் பிளஸ் எஸ் மட்டும் உள்ள டயர் குளிர்கால டயராகக் கணக்கில் வராது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம், ஆல் வீல் டிரைவ் என்று அங்கே விலக்கு கிடையாது.

ஆனால் மலை அடையாளம் இருந்தால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். அந்தச் சோதனை அழுந்திய பனியில் இழுவையையோ பிரேக்கையோ பார்க்கிறது. வளைவில் எப்படி நிற்கும், ஐஸில் என்ன செய்யும் என்று பார்ப்பதில்லை. ஐஸுக்கு ஐரோப்பிய டயர் லேபிளில் 2021 மே முதல் தனிப் படம் இருக்கிறது.

ஐஸ் என்றதும் ஆணி டயர் பேச்சு வரும், பட்டனில் உலோக ஆணி பதித்தது. ஈரமான ஐஸில் ஆணிக்கு நிகர் இல்லை. ஆனால் பனி இல்லாத இடத்தில் சாலையையே அரைத்துத் தூளாக்கும். ஜப்பானில் அந்தத் தூசி ஊர்களை மூச்சுத் திணற வைத்து, 1990இல் அதற்கென்றே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஆணி இல்லாமல் ஐஸில் பிடிக்கும் ரப்பர் அங்கே அவ்வளவு முன்னேறியதற்கு அந்தத் தூசியும் காரணம் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். இதற்கெல்லாம் தாத்தா பின்லாந்து. 1934இல் லாரிக்கும் 1936இல் காருக்கும் பனி டயர் செய்துவிட்டார்கள்.

டிசம்பர் 16

காற்று. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் டயரில் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கும். 20 டிகிரி உள்ள கூடத்தில் 33 அடித்துக்கொண்டு மைனஸ் 15இல் நிறுத்தினால் 5க்கு மேல் காணாமல் போயிருக்கும். பனிக்குக் காற்றைக் குறைத்து ஓட்டினால் நல்லது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மணலில் சரி. பனிச் சாலையில் ஸ்டியரிங் சோம்பலாகும், பட்டன் ஒழுங்காகத் தரையில் பதியாது. கதவோரம் ஒட்டியிருக்கும் எண்ணையே வையுங்கள், குளிரிலேயே அளந்து.

ஜனவரி 7

மனது கொதிக்கிறது. ஒரு மாதமாக ஈரச் சாலையில் வண்டி கொஞ்சம் மிதக்கிறது மாதிரி ஒரு சந்தேகம். இன்று பனியைத் தட்டிவிடும்போதுதான் பார்த்தேன், முன் இடது டயரில் சுழல வேண்டிய திசையைக் காட்டும் அம்பு பின்னோக்கி இருக்கிறது. திசை உள்ள டயர் அது, பட்டன் அம்புத்தலை மாதிரி வடிவம், தண்ணீரையும் கூழையும் இரண்டு பக்கமும் தள்ளுவதற்காக. மாட்டிக் கொடுத்த கடையில் கவனிக்கவில்லை, காசு கொடுக்கும்போது நானும் கவனிக்கவில்லை. டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டினார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். நீங்கள் டயர் மாற்றினால் கிளம்புவதற்கு முன்னால் நாலு அம்பையும் குனிந்து பாருங்கள். அப்படியே நாலு இலக்க எண்ணையும் பாருங்கள், 3521 என்றால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் பத்து வருட ரப்பர் இறுகித்தான் இருக்கும்.

ஜனவரி 20

மின்சார கார் வைத்திருப்பவர் கேட்டது. காலை எடுத்தாலே மோட்டார் பிரேக் பிடிக்கிறதே, அது பனியில் தொந்தரவு தருமா? பின்சக்கர இழுவை என்றால் கவனம் தேவை. அந்தப் பிரேக் இழுக்கும் சக்கரத்துக்கு மட்டும்தான் போகும், வளைவில் சட்டென்று காலை எடுப்பது லேசாக ஹேண்ட் பிரேக் இழுத்த மாதிரி. வண்டியின் கம்ப்யூட்டர் பெரும்பாலும் சமாளிக்கும். இருந்தாலும் பனி நாளில் அதைக் குறைத்து வைப்பது நல்லது, காலை மெதுவாக எடுத்துப் பழகுவதும் நல்லது.

பனியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பதும் வந்தது. சக்கரம் சுழல விடாதீர்கள், சுழலச் சுழல அடியில் ஐஸ் ஆகிவிடும். சக்கரம் வழுக்கியதும் இழுவையைக் குறைத்துவிடும் டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆட்டி எடுங்கள். வராவிட்டால் இன்ஜினை ஓட விட்டு உள்ளே உட்காரும் முன்னால் சைலன்சர் வாயில் பனி அடைத்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அடைத்திருந்தால் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உள்ளே வரும், அதற்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

பிப்ரவரி 2

ஓட்டத் தெரிந்தவனுக்கு எந்த டயரும் ஒன்றுதான் என்று கேள்வியில் இருந்ததை நான் இதுவரை தொடவே இல்லை. இத்தனை நாள் யோசித்தேன். பாதி சரி. மகளுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்க இன்னும் பல வருடம் இருக்கிறது, தங்கை மகனுக்கு இந்தக் குளிர்காலத்தில் அதே மைதானத்தில் சொல்லிக்கொடுத்தேன். டயருக்குக் கொடுக்க ஒரே ஒரு பிடிதான் இருக்கிறது, அதில் பிரேக்குக்குக் கொஞ்சம், திருப்பத்துக்குக் கொஞ்சம் என்று பிரித்துத்தான் செலவழிக்க முடியும். முழுதையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டுத் திருப்பச் சொன்னால் அதனிடம் மிச்சம் இல்லை. இதைப் புரிந்துகொண்டதும் அவன் வளைவுக்கு முன்னாலேயே நேர்ச் சாலையில் வேகத்தைக் குறைக்க ஆரம்பித்தான், வண்டி வழுக்குவது பெருமளவு நின்றது. அப்புறம் வேகம். 0.2 பிடியில் 50இலிருந்து நிற்க 49 மீட்டர் என்றேன், 30இலிருந்து 18 மீட்டர் போதும். எந்த டயரும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தராது. அந்த அளவில் நீங்கள் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 0.2 பிடிக்கு 35 கி.மீ. வேகம்தான் எல்லை, 0.1 என்றால் 25. அந்த எல்லைக்குள் எவ்வளவு அழகாக ஓட்டுவது என்பது உங்கள் கையில். எல்லை எங்கே இருக்கிறது என்பது டயரின் கையில். குழந்தை ஓடிவரும் நாளில் திறமைசாலிக்கும் அந்த எல்லைதான்.

பிப்ரவரி 3

கேள்வி கேட்ட நண்பர் அளந்துவிட்டு எழுதியிருக்கிறார், 3.5 மில்லிமீட்டர். பாதிக்கு மேல் என்று கண்ணுக்குத் தோன்றியதாம். எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது. நண்பரே, இந்தப் பருவத்துக்கு மாற்றாவிட்டாலும் இறக்கமுள்ள வழியை மட்டுமாவது தவிர்த்து ஓட்டுங்கள்.

ஏப்ரல் 6

காலை 10 டிகிரிக்குக் கீழே போவதே இல்லை. பனி டயரைக் கழற்றிவிட்டேன். வெயிலில் இதை ஓட்டினால் பட்டன் நெளியும், பிரேக் தூரம் கூடும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். கழுவி, காய வைத்து, எந்தச் சக்கரத்தில் இருந்தது என்று ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் எழுதி, வெயில் படாத மூலையில் அடுக்கினேன். ஆழம் அளந்தேன். பின்னால் இரண்டும் 6, முன் வலது 5.5, அந்தத் திசை மாறி ஓடிய முன் இடது 5. அடுத்த குளிர்காலம் தாங்கும் என்றுதான் நினைக்கிறேன். பின்னால் இருந்த இரண்டும் பின்னாலேயே போகட்டும். அக்டோபரில் மாட்டும்போது மறுபடி அளந்து இங்கே எழுதுகிறேன்.